டான்ட் என்ற சொல்லும் சிலுப்பாத ஆடும்

கயல், முகிலா, இந்த வாரம் அப்பா ஆட்டுக் கதையை எழுதுகிறேன்.

கயல், உன்னிடம் போனில் அனுமதி கேட்டேன். "எழுதுங்கப்பா, ஆட்டுக்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றாய். கேட்டுவிட்டேன். அது வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. கதையில் உன்னை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கு அதுதான் வசதி.

முகிலா, நீ அன்றைக்கு வரவில்லை. பொன்னுக்குவீங்கி வந்து இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பி, வீட்டிலிருந்த தங்கச் சங்கிலியெல்லாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாணப் பெண்போல உட்கார்ந்திருந்தாய். உன்னைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அன்றிலிருந்து நீ இந்தக் கதையை ஆளுக்கு ஆள் கேட்டு, ஆளுக்கு ஒரு விதமாய்த் தெரிந்து வைத்திருக்கிறாய். சேகர் மாமா சொன்னதை நம்பாதே. ஆடு பேசவில்லை.

ஈரக் கிடா

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பிறந்த பழைய ரப்பர் தோட்டத்து மூன்றாம் டிவிசன். இப்போது அங்கே பால்மரம் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் எண்ணெய்க்கு நட்ட செம்பனை, மறுபக்கம் வரிசை வீடுகள். இரண்டுக்கும் நடுவில், எடுத்துப்போக மறந்துபோன சாமான் மாதிரி, முனியாண்டி கோயில்.

கோயில் முன்னால் ஒரு கறுப்புக் கிடா நிற்கிறது. தலையிலிருந்து வால் வரை மஞ்சள் தண்ணீர் சொட்டுகிறது. கழுத்தில் சாமந்தி மாலை. அதைச் சுற்றி ஒரு கல்யாணத்துக்கு வருகிற அளவு கூட்டம், மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் முதுகையே பார்க்கிறது. உறுமி மேளம் அடிக்கும் பையன்கள் காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஆட்டின் பின்னால் ஏழெட்டுப் பூனைகள். பூனைகள் ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆடு கழுத்தை வளைத்துத் தன் மாலையிலிருந்து ஒரு பூவைப் பிடுங்கித் தின்கிறது. பிறகு இன்னொன்று.

வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நேர்ந்துகொண்ட ஆட்டை நம் இஷ்டத்துக்கு வெட்டிவிட முடியாது. மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது, ஆடும் சம்மதித்தது என்று அர்த்தம். அதற்கு உத்தரவு என்று பெயர். உத்தரவு வராமல் அரிவாளைத் தொடக்கூடாது.

ஆட்டின் மேல் தண்ணீர் பட்டால் அது சிலுப்பாமல் என்ன செய்யும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்துத்தான், கயல் விடுதிப் பள்ளிக்குப் போகலாமா கூடாதா என்ற கேள்வியை அந்த ஆட்டின் முதுகில் ஏற்றிவிட்டேன்.

தாப்பாவில் ஒரு கேள்வி

தாப்பா ஊருக்குப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது. அதில் நாலாம் பாரத்துக்கு, அதாவது பத்தாம் வகுப்புக்கு, இடம் கேட்டுக் கயல் மனு போட்டாள். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டவன். சிலிபினிலிருந்து தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ் ஓட்டுகிறேன். நேர்முகத் தேர்வு என்றால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் அவளுடைய சப்பாத்துக்கு நன்றாகப் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அது.

அவள் உள்ளே போனாள். நான் வெளியே ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, சும்மா இருக்க முடியாமல், மனசுக்குள்ளேயே முனியாண்டிக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டேன். பிள்ளைக்கு இடம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல்.

காரில் திரும்பி வரும்போது கம்பார் வரை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாளாம். ஒரே ஒரு கேள்வியில் மட்டும் ஒரு சொல் புரியவில்லையாம். கேள்வி கேட்டவர்களில் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மையார், வீட்டை விட்டு வந்து தங்குவதை நினைத்தால் நீ 'டான்டட்' ஆகிறாயா என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். அதற்கு முன்னால் கேட்டதெல்லாம் படிக்கப் பிடிக்குமா, விளையாடப் பிடிக்குமா என்ற மாதிரி கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லி நல்ல பேர் வாங்கிய பிள்ளை, இதற்கும் நிமிர்ந்து உட்கார்ந்து, "யெஸ் மேடம், வெரி மச், தேங்க்யூ" என்று சொல்லிவிட்டது.

கம்பாரைத் தாண்டியதும் அவள் போனில் அந்தச் சொல்லைத் தேடினாள். கோப்பெங் வந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

"என்னம்மா?"

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் தைரியத்த கெடுக்கிறதுப்பா. பயம் காட்டி மனசத் தளர வைக்கிறது. நீ பயந்துட்டியான்னு கேட்டிருக்காங்க. நான் ரொம்பவே பயந்துட்டேன், நன்றின்னு சொல்லியிருக்கேன்."

பிள்ளையைத் தேற்ற வேண்டும் என்று, கவலைப்படாதே, நான் முனியாண்டிக்குக் கிடா நேர்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். ஈப்போ வந்து சேரும்வரை அவள் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள்.

கருவாட்டுப் பலகை

சில வாரம் கழித்து இடம் கிடைத்துவிட்டது. வீடே துள்ளியது. அவள் மட்டும் துள்ளவில்லை.

"இது எனக்குக் கிடைச்ச இடம் இல்லப்பா. ஆட்டுக்குக் கிடைச்ச இடம்" என்றாள்.

பயந்தாங்கொள்ளி என்று தானே சொல்லிவிட்டு வந்த பிள்ளைக்கு எப்படி இடம் கொடுப்பார்கள், ஒன்று தவறுதலாகக் கொடுத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் முனியாண்டி கொடுத்திருக்கிறார், இரண்டானாலும் போகமாட்டேன் என்று சாதித்தாள். அம்மா கெஞ்சினாள். நான் சப்பாத்துக்கு மறுபடியும் பாலிஷ் போட்டேன்.

காய்ந்த புண்ணை நோண்டுகிற மாதிரி அவள் அந்தச் சொல்லையே நோண்டிக்கொண்டிருந்தாள். தினமும் சாப்பிடும்போது ஒரு சேதி வரும். டான்ட் என்பது இங்கிலீஷ்காரன் சொந்தமாகச் செய்த சொல் இல்லையாம். பிரெஞ்சுக்காரனிடமிருந்து வாங்கியதாம். பிரெஞ்சுக்காரன் அதைப் பழைய லத்தீனிலிருந்து எடுத்தானாம். லத்தீனில் அதற்கு அர்த்தம் மிருகத்தை அடக்கிப் பழக்குவது. துள்ளுகிற குதிரையை, முட்டுகிற மாட்டைச் சொன்னபடி கேட்க வைப்பது. அந்தச் சொல்தான் மெல்ல மெல்ல மனிதன் பக்கம் வந்து, மனசை அடக்கிப் போடுவதற்குப் பேராகிவிட்டது.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, அப்படியானால் அது மாட்டுக் கொட்டகைச் சொல், அதற்குப் போய் ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு நாள், அதே சொல்லுக்கு வேறொரு அர்த்தமும் உண்டு என்று படித்தாள். மேல்நாட்டில் ஒரு குளிர்கடல் மீனைப் பீப்பாயில் அடுக்கி உப்புப் போடுவார்களாம். மீனை அழுத்த மேலே ஒரு வட்டப் பலகை வைப்பார்களாம். அந்தப் பலகைக்கும் பேர் டான்ட்தானாம்.

இதை அவள் சொன்ன நேரம் பார்த்து உங்கள் சேகர் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவின் தம்பி. லூமுட்டில் மீன் கொட்டகையில் வேலை, லாரியும் ஓட்டுகிறார். அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"பாத்தியா மச்சான்? அது நம்ம கருவாட்டுச் சாமான். எங்க கொட்டகையிலயும் தொட்டிக்கு மேல பலகை போட்டு, அதுக்கு மேல கல்லு வெப்போம். அந்தம்மா உன்னக் கருவாட்டப் பத்திதான் கேட்டிருக்கு லா. நீ சரியாத்தான் பதில் சொல்லியிருக்க கயலு."

குதிரை, மாடு, லத்தீன் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் எதையும் ஏற்கவில்லை. இன்றுவரை ஏற்கவில்லை.

சங்கும் சேவலும்

மனசைத் தளர வைப்பது என்று எழுதும்போது எனக்குத் தோட்டத்துச் சங்கு ஞாபகம் வருகிறது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, விடியும் முன்னே பெரட்டுக்கு ஆள் கூடவேண்டும். பெரட்டு என்றால் வெளியில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு, ஜனங்கள் தாமதமாக வருகிறார்கள் என்று புதிதாய் வந்த மானேஜர் ஒரு பெரிய ஊதுசங்கு வாங்கி வைத்தார். முதல் நாள் அது ஊதியபோது லயத்தில் பாதிப் பேர் கட்டிலிலிருந்து விழுந்தார்கள். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. இரண்டாவது சங்குக்குத்தான் எழுந்திருப்பார்கள். மானேஜர் சங்கைத் தூக்கி லயத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். அதுவும் பழகிவிட்டது.

எங்கள் வீட்டுச் சேவல்தான் பாவம். கூவ வாயைத் திறக்கும்போதெல்லாம் சங்கு முந்திக்கொள்ளும். சில நாள் முயற்சி செய்தது. பிறகு கூவுவதையே விட்டுவிட்டது. விடியற்காலையில் கூரைமேல் ஏறி நிற்கும். கழுத்தை நீட்டும். யோசிக்கும். இறங்கிவிடும். அந்தத் தோட்டத்தில் அந்தச் சங்குக்கு மனம் உடைந்தது அது ஒன்றுதான்.

என் அக்கா, அதாவது உங்கள் பார்வதி அத்தை, அந்தச் சங்கோடு வளர்ந்தவள். அதனால்தானோ என்னவோ, யார் வாயைத் திறந்தாலும் முந்திக்கொள்வாள். நான் முதல் மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தியபோது, நல்ல கலர் என்று சொல்லிவிட்டு, நேற்று இதே கலர் மோட்டார்தான் லாரிக்கு அடியில் போனது என்றாள். எனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபோது, பெண் அழகுதான், குடும்பத்தில் யாருக்கும் ஆயுசு கெட்டியில்லை என்றாள். உங்கள் அம்மா இன்றைக்கும் தலைவலி வந்தால்கூட அத்தையிடம் சொல்லமாட்டாள்.

அந்த அத்தை, கயலுக்கு இடம் கிடைத்ததைக் கேட்டு வந்து உட்கார்ந்தாள். பெண் பிள்ளையைத் தனியாக விடுவதா என்று ஆரம்பித்து, தண்ணீர் சரியில்லாமல் முடி கொட்டும், குளியலறையில் பேய் இருக்கும், மலையடிவாரத்தில் பாம்பு வரும் என்று அடுக்கினாள். கயல் தலை குனிந்துகொண்டே கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

பொறுக்க முடியாமல் நான், முதலில் சாமிக்கு நேர்ந்ததைச் செய்துவிட்டு அப்புறம் பேசலாம் என்றேன்.

அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள். "அதுவும் சரிதான்டா தம்பி. ஆட்ட நிறுத்து. உத்தரவு குடுத்தா பிள்ள போகட்டும், நான் வாயத் திறக்கல. சிலுப்பலன்னா அதான் சாமி வாக்கு. வீட்டோட இருக்கட்டும்."

ஆடு சிலுப்பாமல் எங்கே போகும்? நான் சரி என்றேன். கயலும் தலையைத் தூக்காமல் சரி என்றாள். உள்ளே உங்கள் அம்மா ஒரு பாத்திரத்தைக் கீழே வைத்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

மீன் லாரியில் வந்த ஆடு

இப்போது பூனைக்கு வருகிறேன்.

கிடாவைச் சித்தியவான் பக்கம் ஒருவரிடம் பேசி முடித்திருந்தேன். அதைக் கொண்டுவரத் தனியாக வண்டி எதற்கு, எப்படியும் ஈப்போவுக்குத்தானே வருகிறேன் என்று சேகர் மாமா தன் மீன் லாரியில் ஏற்றிக்கொண்டார். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் கட்டிவிட்டார். அங்கிருந்து இங்கே வரும்வரை அந்த ஆட்டின் மேல் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. வழியில் மழை வேறு. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஒரு வாளித் தண்ணீர் அதன் தலையில் கவிழ்ந்திருக்கும்.

லாரியிலிருந்து இறங்கியபோது அது ஆடு மாதிரி இல்லை. துவைத்துப் பிழியாமல் போட்ட கம்பளி மாதிரி இருந்தது. வாசனையோ, சுத்தமான நெத்திலி வாசனை. அந்தத் தெருப் பூனையெல்லாம் வரிசையாய்ப் பின்னால் வந்துவிட்டன.

இப்படி வந்த ஆட்டின் மேல்தான் பூசாரி ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்.

பூசாரி ராமு அண்ணனைத் தெரியும்தானே. வாரம் முழுக்க ஒரு பேரங்காடி வாசலில் காவல் வேலை, ஞாயிற்றுக்கிழமை முனியாண்டிக்கு. ஊற்றிவிட்டு, வேலையிடத்துப் பழக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆடு அவரைப் பார்த்தது. அவர் ஆட்டைப் பார்த்தார்.

இரண்டாவது செம்பு. ஒன்றும் இல்லை. மூன்றாவது செம்பைத் தலையிலிருந்து ஆரம்பித்து வால் நுனிவரை, நெல் தூவுகிற மாதிரி நிதானமாய் ஊற்றினார். ஆடு அசை போட்டது. உறுமிப் பையன்கள் வேகத்தைக் கூட்டினார்கள். ஆடு கண்ணை மூடிக்கொண்டது. வரிசையில் காத்திருந்த வேறு இரண்டு ஆடுகள், தண்ணீர் படுவதற்கு முன்பே, பார்த்த பயத்திலேயே சிலுப்பிவிட்டன.

சேகர் மாமா குற்ற உணர்ச்சியோடு லாரிக்கு ஓடி ஒரு வாளி ஐஸ் கொண்டுவந்தார். ஆட்டுக்கு அது பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி. ஒரு ஐஸ் கட்டியை நக்கிக்கூடப் பார்த்தது. ஒருவர் காதில் ஊதினார். ஒருவர் வாலைப் பிடித்து, அண்ணே அதெல்லாம் தொடக்கூடாது என்று பூசாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எதிர் வீட்டிலிருந்து நீளமான வயர் இழுத்து மின்விசிறி கொண்டுவந்து முகத்துக்கு நேராக வைத்தார்கள். ஆடு தலையைத் தூக்கி, தாடி பறக்க, கடற்கரையில் நிற்கிறவர் மாதிரி நின்றது.

வீட்டிலிருந்து உங்கள் அம்மா விடாமல் போன் அடித்தாள். "சிலுப்பிடுச்சா?"

"யோசிக்குது" என்றேன்.

"யோசிக்குதா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

கூட்டத்தில் ஒருவர், பட்டாசு கொளுத்திக் கீழே போட்டால் தானாகச் சிலுப்பும் என்றார். நாலைந்து பேர் நல்ல யோசனை என்றார்கள். பூசாரி அப்போதுதான் குரலை உயர்த்தினார்.

"பயமுறுத்தி வாங்குனா அது உத்தரவு இல்ல லா. அது கலாட்டா."

அந்த நேரத்தில் என் மனசு எப்படி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆடு சிலுப்ப வேண்டும் என்று என் வாய் முனியாண்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடியது. சிலுப்பிவிட்டால் அடுத்த வாரம் அவள் படுக்கை காலியாக இருக்கும். விடியற்காலையில் பஸ் எடுக்கப் போகும்போது, கதவுக்குப் பின்னால் இருந்து "பாத்துப் போங்கப்பா" என்று தூக்கக் குரல் வராது. ஒவ்வொரு செம்பு ஊற்றும்போதும் நான் இரண்டு பேராக நின்றேன்.

அத்தையின் தீர்ப்பு

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். மேளம் நின்றது. மின்விசிறி மட்டும் சுற்றியது.

அத்தை முன்னால் வந்தாள். ஜெயித்த முகம் இல்லை அது, அவளும் கொஞ்சம் பயந்துதான் போயிருந்தாள். "சாமி சொல்லிருச்சு" என்றாள். "பிள்ள போக வேணாம்னு சொல்லிருச்சு. நான் சொன்னா யாரு கேக்குறா."

கூட்டம் முழுக்கக் கயலைத் திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். அந்த முகம் உடையப்போகிறது, ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கால் எடுத்து வைத்தேன்.

அவள் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்க நின்றாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனால் சிரிக்கிறாள். சத்தமே வராத சிரிப்பு. கண்ணில் தண்ணீர். தாப்பாவுக்குப் போய் வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

"ப்பா, அதப் பாருங்க. இத்தன பேரு சேந்து, மேளம் அடிச்சு, ஐஸ் ஊத்தி, ஃபேன் போட்டு பண்றாங்க. அது மாலையத் தின்னு முடிச்சிருச்சு."

உண்மைதான். ஆட்டின் கழுத்தில் வெறும் நார் தொங்கியது.

"இதான்ப்பா அந்த வார்த்த. முன்னால ஒரு 'அன்' போட்டுக்கணும். அன்டான்டட். அடங்காதது. அடக்க முடியாதது. புத்தகத்துல எவ்வளவு படிச்சும் புரியல, இங்க நிக்குது."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அத்தையிடம் போனாள்.

"அத்த, நான் போறேன்."

"ஆடு சிலுப்பலடி."

"அதனாலதான் போறேன். அதுக்கும் பயமாத்தான் இருந்திருக்கும் அத்த. நின்னுச்சுல்ல? நானும் போய் நின்னு பாக்குறேன்."

அத்தை வாயைத் திறந்து, திறந்தபடியே பூசாரியைப் பார்த்தாள். எல்லோரும் பூசாரியைப் பார்த்தோம். ராமு அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு சொன்னார்.

"சாமிகிட்ட நாம ஆட்டப் பத்திதான் கேட்டோம். வெட்டலாமான்னு கேட்டோம். வேணாம்னுருச்சு. இனிமே இது சாமி ஆடு, இங்கயே கெடக்கட்டும். பிள்ளயப் பத்தி யாரும் கேக்கல. கேக்காததுக்கு சாமி எதுக்குப் பதில் சொல்லணும்?"

 அத்தையால் சும்மா இருக்க முடியவில்லை. "அந்த ஊர் தண்ணியில முடி கொட்டும், பாத்துக்க" என்றாள். அதோடு கைப்பையைத் திறந்து, அவள் எங்கே போனாலும் எடுத்துப்போகிற சின்ன டார்ச் லைட்டை எடுத்து, கயல் கையில் வைத்து அழுத்தினாள். "பாத்ரூமுக்குப் போறப்ப எடுத்துக்கிட்டுப் போ."

சேகர் மாமாவுக்குத்தான் பெரிய வருத்தம். ஆட்டுக்கறிச் சாப்பாடு என்று லூமுட்டிலிருந்து சிநேகிதர்களை வேறு வரச் சொல்லியிருந்தார். கடைசியில் அவருடைய லாரியிலிருந்தே கருவாடு இறக்கி, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தோம். இலையில் விழுந்த முதல் துண்டைத் தூக்கிக் காட்டி, பார்த்தாயா, கடைசியில் டான்ட்தான் காப்பாற்றியது என்றார். நல்ல குழம்புதான். முகிலா, உனக்கு டப்பாவில் கொண்டுவந்தேன். மெல்ல முடியாமல் அழுதாய்.

வாளி

அடுத்த வாரம் அவளைக் கொண்டுபோய் விட்டேன். விடுதிக்கு வேண்டிய சாமானெல்லாம் ஒரு சிவப்பு வாளிக்குள் இருந்தது. செருப்பு, சோப்பு, துணி மாட்டும் கொக்கிகள், அத்தையின் டார்ச். முகிலா, நீயும் அம்மாவும் வீட்டு வாசலிலேயே அழுது முடித்துவிட்டீர்கள், உன் கன்னத்து வீக்கம் இன்னும் முழுதாய் இறங்கவில்லை.

பள்ளிக்கூட கேட்டில் நான் வாளியைத் தூக்கப் போனேன். அவளே எடுத்துக்கொண்டாள்.

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"யெஸ் மேடம், வெரி மச், தேங்க்யூ" என்றாள்.

சிரித்துவிட்டுப் போனாள். வாளி கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வாளியோடு அவளையும் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

திரும்பும் வழியில் காரில் ரேடியோ போடவில்லை. கம்பார் வந்தது, கோப்பெங் வந்தது. கோப்பெங்கில் கண்ணாடியைப் பார்த்தேன், பின் சீட்டில் யாரும் இல்லை. வீட்டுக்குப் போகிற சாலையை விட்டு மூன்றாம் டிவிசன் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

மத்தியான வெயில். கோயில் பூட்டியிருந்தது. ஒரு ஆள் இல்லை. படியில் கிடா படுத்திருந்தது, நன்றாகக் காய்ந்து, முடி பளபளவென்று. இப்போது அதன் மேல் மீன் வாசனை இல்லை. இருந்தும் ஒரு பூனை மட்டும் அதன் வயிற்றில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கவாட்டுக் குழாயடிக்குப் போனேன். அங்கே பூசாரியின் செம்பு கவிழ்த்து வைத்திருந்தது. அதை நிறையப் பிடித்தேன். மஞ்சளுக்கு எங்கே போவது, வெறும் தண்ணீர்தான்.

கோயில் முன்னால், அன்றைக்கு ஆடு நின்ற அதே இடத்தில் போய் நின்றேன். சட்டையோடுதான். தலையிலிருந்து ஆரம்பித்து, முதுகு நனையும்படி, பூசாரி ஊற்றின மாதிரியே நிதானமாய் என்மேல் ஊற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரம் உத்தரவு வரவில்லை. வெயிலில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அவசரப்படுத்தவில்லை.

பிறகு உடம்பைச் சிலுப்பினேன். தலை, தோள், முதுகு, முழுசாக.

தெறித்த தண்ணீரில் பூனை எழுந்து ஓடிவிட்டது. ஆடு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. செம்பை இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரத்தோடு வண்டியை எடுத்தேன்.